வயிற்றுக்குள் போன கேமரா

1949ஆம் ஆண்டு. போரில் தோற்று, சோற்றுக்கே திண்டாடிக்கொண்டிருந்த ஜப்பான். டோக்கியோ பல்கலைக்கழக மருத்துவமனையின் கிளையொன்றில் வேலை பார்த்த இளம் அறுவை மருத்துவர் தத்சுரோ உஜி, ஒலிம்பஸ் நிறுவனத்தின் பொறியாளர்களிடம் ஒரு விசித்திரமான கோரிக்கையை வைத்தார். மனிதனின் இரைப்பைக்குள் இறங்கி, அங்கிருந்து படம் எடுத்துவரும் கேமரா வேண்டும்!

கோரிக்கைக்குக் காரணம் இருந்தது. அந்நாளில் ஜப்பானியரை அதிகம் கொன்ற புற்றுநோய் இரைப்பைப் புற்றுநோய்தான். வலி, வாந்தி என்று நோயாளி வந்து சேரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்ய வழியில்லாமல் மூடித் தைப்பது அறுவை மருத்துவர்களுக்கு வாடிக்கையாகிவிட்டிருந்தது.

உள்ளே எட்டிப் பார்க்கும் ஆசை பழையது. ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால் 1868இல் வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைப் பிடித்து, அவர் தொண்டை வழியே நேரான உலோகக் குழாயை இறக்கிப் பார்த்தார். வித்தைக்காரரால் முடிந்தது, சாதாரண நோயாளியால் முடியுமா? 1932இல் ஷிண்ட்லர் என்ற மருத்துவர் பாதி வளையும் கருவி ஒன்றைச் செய்தார். அதுவும் நோயாளிக்குச் சித்திரவதைதான். இரைப்பைக்குள் கேமராவை அனுப்பும் யோசனைகூட உஜிக்கு முன்பே உதித்ததுதான். 1898இலேயே ஜெர்மனியில் லாங்கே, மெல்ட்சிங் என்ற இருவர் முயன்றார்கள். அன்றைய ஃபிலிமும் பல்பும் ஒத்துழைக்கவில்லை. யோசனை அரை நூற்றாண்டு தூங்கியது.

ஒலிம்பஸ் அப்போது ராட்சத நிறுவனம் இல்லை. 1919இல் தகச்சிஹோ என்ற பெயரில் தொடங்கி, நுண்ணோக்கி செய்து பிழைத்த கம்பெனி. 1936இல்தான் கேமராவுக்கு வந்தது. உஜியின் கோரிக்கை அங்கே முத்சுவோ சுகியுரா என்ற பொறியாளர் கையில் விழுந்தது.

சுகியுராவின் முன்னால் இருந்த சிக்கல்களைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். தொண்டை வழியே இறங்க வேண்டும் என்றால் குழாய் விரல் பருமனைத் தாண்டக் கூடாது. அதன் நுனிக்குள் லென்ஸ், பல்பு, ஃபிலிம் மூன்றும் அடங்க வேண்டும். அவ்வளவு சின்ன ஃபிலிம் கடையில் கிடைக்காது. ஐந்தாறு மில்லிமீட்டர் அகலத்துக்கு நறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். பல்பு கடுகு போல் சிறிதாக இருக்க வேண்டும், ஆனால் கண நேரம் மின்னலாக எரிய வேண்டும். சூட்டில் தசையையும் சுட்டுவிடக் கூடாது. குழாய் வளைய வேண்டும், மடிந்து ஒடியக் கூடாது.

ஒரே ஒரு சௌகரியம் இருந்தது. இரைப்பைக்குள் கும்மிருட்டு. ஆகவே ஷட்டரே தேவையில்லை. பல்பு ஒருமுறை மின்னினால் ஒரு படம் பதிவாகிவிடும். பிறகு வெளியிலிருந்து கம்பியை இழுத்தால் ஃபிலிம் அடுத்த கட்டத்துக்கு நகரும். சுவர்கள் ஒட்டிக்கொள்ளாதபடி காற்றடித்து இரைப்பையை உப்ப வைத்தார்கள். கேமரா எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டுமே? அதற்கும் வழி கண்டார்கள். அறையை இருட்டாக்கிவிட்டால், உள்ளே பல்பு எரியும்போது வயிற்றுத் தோலுக்கு வெளியே மங்கலான ஒளி தெரியும். அந்த ஒளிப்பொட்டை வைத்துக்கொண்டு மருத்துவர் குறி பார்த்தார்.

1950இல் மாதிரிக் கருவி தயாரானது. ஓரிரு ஆண்டில் விற்பனைக்கும் வந்தது. எழுத்தாளர் அகிரா யோஷிமுரா பின்னாளில் இந்த முயற்சியை ஒரு நாவலாகவே எழுதினார். முதல் கருவிகள் அடிக்கடி பழுதாகும், படங்கள் மங்கும். அவற்றைத் தூக்கி மூலையில் போடாமல் காப்பாற்றியவர்கள் மருத்துவர்கள். 1955இல் அவர்கள் இரைப்பைக் கேமராவுக்கென்றே ஓர் ஆய்வுக்குழு அமைத்தார்கள். கூடிப் படங்களை ஒப்பிட்டார்கள், குறைகளைக் கம்பெனியிடம் சொன்னார்கள், திருத்தி வந்ததை மறுபடி சோதித்தார்கள். நிறுவன ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டு விஞ்ஞானிகள் மூடிய ஆய்வகத்தில் செய்வது என்று நினைக்கிறோம். இந்தக் கருவியை வளர்த்ததில் பாதிப் பங்கு ஆஸ்பத்திரியினுடையது.

ஆனாலும் இது குருட்டுக் கேமராதான். எடுத்த படத்தை ஃபிலிம் கழுவிய பிறகே பார்க்க முடியும். அந்தக் குறையைத் தீர்த்த கண்ணாடி இழை வேறு கண்டத்திலிருந்து வந்தது. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் அவருடைய பேராசிரியர் ஹாப்கின்ஸும் இழைக்கற்றை வழியே படத்தைக் கடத்தலாம் என்று 1954இல் லண்டனிலிருந்து எழுதினார்கள். அதைப் படித்த மருத்துவர் ஹிர்ஷோவிட்ஸ், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இரண்டு இயற்பியல்காரர்களுடன் சேர்ந்து வளையும் கருவி ஒன்றைச் செய்து, 1957இல் முதலில் தானே விழுங்கிக் காட்டினார். ஒலிம்பஸ் சண்டைக்கு நிற்கவில்லை. இழைக்கற்றையையும் கேமராவையும் ஒரே குழாயில் கோத்து 1964இல் புதிய கருவியைக் கொண்டுவந்தது. 1980களில் சிசிடி என்ற மின்னணுச் சில்லு குழாயின் நுனிக்கு வந்தது. படம் டிவி திரைக்கு ஏறியது. இன்று நம்மூரில் "டியூப் விட்டுப் பார்ப்பது" என்கிறோமே, அந்த எண்டோஸ்கோபிக்கு இதுதான் வம்ச வரலாறு.

பலன் கண்கூடு. தொடக்கநிலை இரைப்பைப் புற்றுநோய் எப்படியிருக்கும் என்று ஜப்பானிய மருத்துவர்கள் 1962இல் வகைப்படுத்தி வைத்தார்கள். அந்தக் கட்டத்தில் பிடிபட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டு தாண்டி வாழ்கிறார்கள். புகழ் முழுவதையும் கேமராவுக்கே கொடுத்துவிடக் கூடாது. பேரியம் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேவுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

எக்ஸ்ரே என்றதும் கேனானைச் சொல்லாமல் போக முடியாது. ஜப்பானைக் காசநோய் வாட்டிய காலத்தில், 1940இல், ஒளிரும் திரையில் விழும் நெஞ்சுப் படத்தைச் சிறிய ஃபிலிமில் பிடிக்கும் கேமராவை அந்நாட்டில் முதன்முதலாகச் செய்த நிறுவனம் அது. பெரிய ஃபிலிம் செலவு மிச்சமானதால் ஏராளமானவர்களைச் சோதிக்க முடிந்தது. 1942இல் கேனானின் தலைவரான தகேஷி மிதராய், பிரசவம் பார்க்கும் டாக்டர்! அதே நிறுவனம் 2016இல் தோஷிபாவின் மருத்துவக் கருவிப் பிரிவை 66,550 கோடி யென் கொடுத்து வாங்கியது.

ஃபிலிம் வியாபாரியான ஃபியூஜி, தன் பிழைப்புக்குத் தானே உலை வைப்பது போல, ஃபிலிம் இல்லாத எக்ஸ்ரே முறையை 1980களின் தொடக்கத்திலேயே சந்தைக்குக் கொண்டுவந்தது. இங்கே ஊட்டியில், 1967 முதல் ஃபிலிம் தயாரித்த அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் எக்ஸ்ரே ஃபிலிமை நம்பியே இருந்து, நலிந்து, மூடப்பட்டது.

அமெரிக்க ஃபிலிம் நிறுவனமான கோடாக் எடுத்த முடிவோ இன்னும் விசித்திரம். 1975இல் டிஜிட்டல் கேமராவை முதலில் செய்து பார்த்தவர் அதன் பொறியாளர் ஸ்டீவ் சாசன். அதைக் கோட்டைவிட்ட கதை ஊரறிந்தது. அதிகம் பேசப்படாத முடிவு 2007இல் வந்தது. பல பத்தாண்டுகளாக நடத்திவந்த மருத்துவப் படப் பிரிவை 235 கோடி டாலருக்கு விற்றுவிட்டு, கேமராவிலும் அச்சுத் தொழிலிலும் கவனம் செலுத்தப் போவதாகச் சொன்னது. அதே ஆண்டில் ஐபோன் வந்தது. 2012 ஜனவரியில் கோடாக் திவால் மனு போட்டது. விற்க வேண்டியதை வைத்துக்கொண்டு, வைத்துக்கொள்ள வேண்டியதை விற்றார்கள் என்றே சொல்ல வேண்டும்.

ஒலிம்பஸ் மட்டும் உத்தமமா? பழைய முதலீட்டு நஷ்டங்களை ஆண்டுக்கணக்கில் மறைத்துவைத்த மோசடி 2011இல் அம்பலமானது. கேள்வி கேட்ட தலைவர் மைக்கேல் உட்ஃபோர்ட் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பிரிட்டனின் ஜைரஸ் என்ற மருத்துவக் கருவி நிறுவனத்தை வாங்கியபோது கொடுத்த தரகுக்கூலிகூட ஓட்டையை அடைக்கவே பயன்பட்டிருந்தது. அப்படியும் அந்தக் கம்பெனி கவிழாததற்கு எண்டோஸ்கோப் சம்பாதித்த பணமே காரணம்.

2021 ஜனவரியில் ஒலிம்பஸ் தன் கேமராத் தொழிலைக் கைமாற்றிவிட்டது. 2023இல், தான் பிறந்ததற்கே காரணமான நுண்ணோக்கித் தொழிலையும் விற்றது. மிச்சம் இருப்பது மருத்துவக் கருவிகள் மட்டுமே.