ரவா இட்லியும் ஒரு வரிசைக் குழப்பமும்

போன மாசம் என் பழைய பதிவுகள் 312-ஐயும் புதுத் தளத்துக்கு மாத்தினேன். கையால ஏத்த சோம்பல். ஜாவாஸ்கிரிப்ட்ல குட்டியா ஒரு நிரல் எழுதினேன். பதிவு ஏறுகிற வரிசைப்படி தளம் எண் கொடுக்கும். அந்த எண்ணை வெச்சு பின்னூட்டங்களை ஒட்டணும். அவ்ளோதான்.

முடிஞ்சதும் திறந்து பார்த்தா... அப்பா காலமானப்போ நீங்கள்லாம் எழுதின ஆறுதல் வரிகள், ரவா இட்லி பதிவுக்குக் கீழே! சிரிக்கவும் முடியலை, அழவும் முடியலை.

தப்பைத் தேடப் போனா ஒரு சரித்திரமே கிடைச்சுது.

1995-ல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். ஒத்தை ஆள் சமையலறை மாதிரி, ஒரு நேரத்துல ஒரு வேலைதான். ஆனா பால் காயற வரைக்கும் அடுப்பு பக்கத்துல நிக்காது. "பொங்கினா கூப்பிடு"ன்னுட்டு அடுத்த வேலைக்குப் போயிடும். அந்தக் கூப்பிடுதல்தான் கால்பேக். 2005-ல் அஜாக்ஸ் என்ற பேர் பரவி, 2009-ல் நோட் ஜேஎஸ்ஸும் வந்த பிறகு கால்பேக்குக்குள் கால்பேக், அதுக்குள்ள இன்னொண்ணு... நிரல்கள் படிக்கட்டு மாதிரி வலப்பக்கம் சரிய ஆரம்பிச்சுது.

இதைத் தீர்க்க வந்தது ப்ராமிஸ். 1976-லேயே ஃப்ரீட்மனும் வைஸும் வெச்ச பேர் அது. ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் ஏறினது 2015-ல்தான். 2017-ல் அசிங்க், அவெய்ட் வந்தன (பேரைப் பார்த்து முகம் சுளிக்காதீங்க).

என் நிரல்லயும் அவெய்ட் இருந்துது. ஆனா ஃபார்ஈச்சுக்குள்ள போட்டிருந்தேன். அது 2009 தரத்தில் வந்தது, ப்ராமிஸுக்கு ஆறு வருஷம் மூத்தது. உள்ளேயிருந்து வர்ற ப்ராமிஸை அது கண்டுக்கவே கண்டுக்காது. 312 பதிவும் ஒரே மூச்சுல கிளம்பி, முந்தினது முதல் எண்ணை வாங்கிடுச்சு.

மருந்து எளிசு: ஃபார்-ஆஃப் சுற்றுக்குள் அவெய்ட். வேலைகள் அப்பப்போ வந்து சேரும்னா, வரிசையோட கடைசி ப்ராமிஸை ஒரு மாறியில வெச்சுக்கோங்க. புது வேலையை அதோட தென்-இல் கட்டி, கிடைக்கிற ப்ராமிஸை அதே மாறியில் போடுங்க. கூடவே ஒரு கேட்ச். இல்லைன்னா நடுவுல ஒண்ணு சறுக்கினா பின்னாடி நிக்கிறது எதுவும் ஓடாது.

மறுபடி ஏத்தினேன், ஒண்ணு முடிஞ்சு ஒண்ணா. உங்க வரிகள் இப்போ அப்பா பதிவுக்குக் கீழேயே இருக்கு.

டிஸ்கி: ரவா இட்லி பதிவுக்கு ஒரு பின்னூட்டம்கூட வந்ததில்லைங்கிற உண்மையும் வெளிய வந்துடுச்சு :)