ரெஜிமெண்ட் இல்லாத சிப்பாய்

சேலத்துக்கு டிக்கெட் எடுத்து ரயிலில் வருகிறவர் உண்மையில் இறங்குவது சூரமங்கலத்தில்! ஜங்ஷன் இருப்பது அங்கேதான். டெல்லியிலிருந்து கிளம்பும் கேரளா எக்ஸ்பிரஸும் இந்த வழியாகத்தான் போகிறது. சர்வீஸ் முடித்து அந்த வண்டியில் ஊர் திரும்பும் மதராஸ் ரெஜிமெண்ட்காரர்கள் நாலு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே பாரக்கில் படுத்து, ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள். தெலுங்குக்காரர் விஜயவாடாவில் இறங்கிவிடுவார். கன்னடக்காரர் காட்பாடியில் பெங்களூர் வண்டிக்கு மாறுவார். நம்ம ஊர்க்காரர் சூரமங்கலத்தில் டிரங்குப் பெட்டியை இறக்குவார். மலையாளி மட்டும் பாலக்காடு தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்.

சாதாரண சிப்பாய்க்கு நாற்பது வயதுக்கு முன்பே ஓய்வு வந்துவிடும். அப்புறம் இந்த நாலு பேரையும் சேர்த்து வைப்பது எது? பாசம்தான் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் மதராஸ் பட்டாளத்தின் சரித்திரம் வேறு ஒன்றையும் சொல்கிறது. ரெஜிமெண்ட் என்ற கயிறு அறுந்தால், பாசத்துக்குப் பிடிமானம் போய்விடும். அந்தக் கயிறு ஒரு தடவை அல்ல, பல தடவை அறுந்திருக்கிறது!

கம்பெனிக்காரர்கள் மதராஸ் சிப்பாய்களைப் பட்டாலியன்களாக அமைத்தது 1758-ல். அந்தக் காலத்து ரெஜிமெண்ட் ஒரு நடமாடும் கிராமம். பெண்டாட்டி, பிள்ளைகளும் கூடவே போவார்கள். பையன் வளர்ந்தால் அப்பாவின் படையிலேயே சேர்வான். பென்ஷன் வாங்கிய கிழவரும் கண்டோன்மெண்ட் பக்கமாகவே குடிசை போட்டுக்கொள்வார். பழைய நண்பனைத் தேட வேண்டிய அவசியமே இல்லை, அவன் அடுத்த தெருவில்தான் இருப்பான்.

1806 ஜூலை 10. வேலூர்க் கோட்டையில் புரட்சி வெடித்தது. புதுத் தலைப்பாகை, தாடியை எடு, நெற்றிக்குறியை அழி என்ற உத்தரவுகள்தான் உடனடிக் காரணம். புரட்சியை ரத்தத்தில் அடக்கிய கம்பெனி அதோடு நிற்கவில்லை. சம்பந்தப்பட்ட மூன்று மதராஸ் பட்டாலியன்களையும் கலைத்தது. யோசித்துப் பாருங்கள்... உயிர் பிழைத்தவன் 'நான் இன்ன ரெஜிமெண்ட்' என்று இனி யாரிடம் சொல்வான்? வாயைத் திறந்தால் கழுத்துக்கே ஆபத்து!

அடுத்த அடி, சத்தமில்லாமல் விழுந்தது. 1881 முதல் 1885 வரை மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர் ராபர்ட்ஸ். தென்னிந்தியர்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்பது அவர் தீர்மானம். அப்புறம் அவரே இந்தியா முழுமைக்கும் தளபதி ஆனார். கேட்க வேண்டுமா? 'வீர இனம்' என்று ஒரு கொள்கை. அதன்படி, வடக்கிலிருந்து ஆள் எடுப்பது வளர, மதராஸ் பட்டாலியன்கள் தேய்ந்தன. முதல் உலகப் போரில் வேலை வாங்கிக்கொண்டு, 1920-களில் மிச்சமிருந்த மதராஸ் காலாட்படைகளையும் ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். கடல் கடந்து போய்வந்தவர் ஊரில் மெடலோடு உட்கார்ந்திருப்பார், மகனைச் சேர்த்துவிட அவருடைய பட்டாலியன் இருக்காது. இரண்டாம் உலகப் போரில் ஆள் பஞ்சம் வந்தபோதுதான் மதராஸ் ரெஜிமெண்ட் மறுபடி பிறந்தது. 'வீர மதராஸி, அடி கொல்லு! அடி கொல்லு!' என்ற போர் முழக்கம் இன்று வெலிங்டன் மலைகளில் கேட்கிறது.

பெங்களூரில் மதராஸ் சாப்பர்ஸ் கதையே வேறு. 1780-ல் தொடங்கிய அந்தப் பொறியாளர் படையின் கயிறு அறுபடவே இல்லை. அங்கே ஜவானுக்குச் செல்லப் பெயர் 'தம்பி'. பேரப்பிள்ளை எடுத்த பிறகும் அவர் தம்பிதான்!

இன்னொரு சங்கடமும் உண்டு. ரெஜிமெண்ட் இருக்கும், ஆனால் போன சண்டையைப் பற்றி ஊரில் பேச முடியாது. 1987-ல் இலங்கைக்குப் போன அமைதிப்படையில் தமிழ் ஜவான்களும் இருந்தார்கள். ஆயிரத்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கடைசி அணி 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. வரவேற்பு விழாவுக்கு முதல்வர் கருணாநிதி போகவில்லை. இலங்கைத் தமிழர்களுக்கு எதிராகச் சண்டை போட்டார்கள் என்ற கோபம் மாநிலத்தில் இருந்தது. சம்பந்தப்பட்ட ஜவான் எங்கே போய்ப் பேசுவான்? டீக்கடையில் முடியாது, வீட்டிலும் முடியாது. கூட இருந்தவனிடம் மட்டும்தான் முடியும்.

அந்தக் கூட்டாளியைப் பிறகு சந்திக்க வைத்தது பெரும்பாலும் அரசாங்கக் காரியங்கள்தான். கேண்டீன் வரிசை, நவம்பரில் வாழ்நாள் சான்று, முன்னாள் படைவீரர் நல அலுவலகம், பாலிகிளினிக்... 'எந்த பட்டாலியன் சார்?' என்று ஆரம்பிக்கும் பேச்சு, வாட்ஸ்அப் குழுவில் போய் முடியும். இது வெறும் அரட்டை அல்ல. ஒருவர் இறந்து, ரெக்கார்டில் மனைவி பெயர் சரியாகப் பதிவாகாமல் குடும்ப பென்ஷன் நின்றுபோனால், எந்த பாரத்தை எங்கே அனுப்ப வேண்டும் என்று அந்த அம்மாவுக்குச் சொல்ல பழைய கூட்டாளி ஒருவர் வேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேருபவருக்கு நாலு வருட சர்வீஸ். நூற்றுக்கு 25 பேர் வரை மட்டுமே தொடரலாம் என்பது அன்று அறிவித்த விதி. மற்றவர்கள் ஒரு மொத்தத் தொகையோடு வீட்டுக்கு. பென்ஷன் கிடையாது, கேண்டீன் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் கிடையாது. அதாவது, வரிசையில் நின்று பழைய கூட்டாளியைப் பார்க்கிற அந்த இடங்கள் எதுவுமே அவர்களுக்கு இல்லை!

முதல் அணிகளின் நாலு வருடம் 2026 கடைசியில் முடிகிறது. சூரமங்கலத்தில் பெட்டியோடு இறங்கும் இருபத்து சொச்சம் வயதுப் பையன், ரயில் புறப்படுவதற்குள் பாலக்காட்டுப் பையனின் நம்பரை மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.