வரைபடத்தில் புள்ளி இல்லைன்னா செடியும் இல்லையா?

ஈப்போவிலிருந்து செம்மோர் பக்கம் போகும்போது செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்திருப்பீங்க. அதில் ஒன்று குனோங் கந்தான். மெராந்தி குடும்பத்தைச் சேர்ந்த 'வாட்டிக்கா கந்தானென்சிஸ்' என்ற மரத்துக்குப் பெயர் கொடுத்ததே இந்தக் குன்றுதான். சீத்தாப்பழக் குடும்பத்தில் 'மெயோகைன் கந்தானென்சிஸ்' என்று ஒன்றும் இருக்கு. அதே குன்றின் ஒரு பக்கத்தில் சிமெண்டுக்காகக் கல் உடைக்கிறாங்க.

அதனால் எந்தச் செடி எங்கே இருக்கு என்பது வெறும் பாடப்புத்தகக் கேள்வி இல்லை. குன்றின் எந்தப் பகுதியை விட்டுவைக்கணும் என்று பேசும்போது, கையில் இருக்கும் ஆதாரமே அந்த வரைபடம்தான்.

குன்றா, தீவா?

சுண்ணாம்புக் கல்லில் மண் மெல்லிசு, மழைத்தண்ணீரும் நிற்காது. அந்த நிலைமைக்குப் பழகிய செடிகள் கீழே இருக்கும் ஈயக்குட்டை, தோட்டம், தாமான் எல்லாம் தாண்டி அடுத்த குன்றுக்குப் போவது லேசில்லை. பக்கத்துப் பக்கத்துக் குன்றுகளில்கூட வேறு வேறு செடிகள் இருக்கலாம். தீபகற்ப மலேசியாவின் சுண்ணாம்புக் குன்றுகளில் 1,216 தாவர வகைகளை சின் சீ சங் பதிவு செய்தார். 1977-ல் அந்த ஆய்வு வெளிவரத் தொடங்கியது. இத்தனைக்கும் இந்தக் குன்றுகள் தீபகற்பத்தின் நிலப்பரப்பில் ஒரு விழுக்காடுகூட இல்லை!

ஒரு புள்ளி எப்படி விழுகிறது?

யாராவது நடந்து போகணும். பூவோ காயோ உள்ள கிளையை வெட்டி, நாளிதழுக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து, இடம், தேதி, எடுத்தவர் பெயர் எழுதி, கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் போன்ற இடத்தில் பத்திரப்படுத்துவாங்க. 1880-களில் ஹெர்மன் குன்ஸ்ட்லர் பேராக்கில் சேகரித்தவை கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குப் போயின. அந்தக் காலத்துச் சீட்டில் 'பேராக்' என்று மட்டும் இருந்தால், அதை எங்கே குறிப்பது? இன்று ஜிபிஎஸ் இருப்பதால் அந்தத் தலைவலி குறைவு.

ஆனா ஒன்றைக் கவனிங்க. வரைபடத்தில் வெற்றிடம் என்றால், அங்கே செடி இல்லை என்றும் இருக்கலாம், யாரும் போய்ப் பார்க்கவில்லை என்றும் இருக்கலாம். பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பழைய தோட்டங்களில் என்ன இருக்கு?

"லாலானும் புதரும்தானே" என்று சொல்லிவிடுவோம். ஆராய்ச்சியாளர்களுக்கும் காடும் குன்றும்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் குன்றின் அடிவாரம் வரைக்கும் தோட்டம் இருந்த இடங்களில், வெளியிலிருந்து வந்த கொடிகள் மேலே ஏறுதா என்று தெரிந்தாகணும். அதற்குக் களைகளையும் குறிக்கத்தான் வேண்டும்.

பால்மரத்தையே எடுத்துக்குங்க. சொந்த ஊர் அமேசான், 1877-ல் கோலகங்சாரில் நட்டாங்க. வரிசையாக நிற்கும் மரம் காட்டுச் செடிக் கணக்கில் வராது. காய் வெடித்து விதை தெறித்து, கைவிட்ட தோட்டத்தில் தானாக முளைத்த கன்று என்றால் அது வேறு பதிவு. கோயிலில் நட்ட வேப்பமரத்துக்கும் இதே விதிதான்.

நீங்க என்ன செய்யலாம்?

ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படம் போடலாம். முழுச் செடி, இலையின் இரண்டு பக்கம், பூ அல்லது காய் என்று தனித்தனியாக எடுங்க. மேலிருந்து எடுத்த ஒரே படத்தை வைத்து யாராலும் அடையாளம் சொல்ல முடியாது. நட்டு வளர்த்தது என்றால் அப்படியே குறிச்சிடுங்க. அரிய செடியாக இருந்தால் சரியான இடத்தை மறைத்து வைங்க. செடி திருடுகிறவங்களும் வரைபடம் பார்க்கிறாங்க. கல்லுடைப்பு இடத்துக்கும் தனியார் தோட்டத்துக்கும் அனுமதி இல்லாம போகாதீங்க.

வீட்டில் தாத்தா பாட்டி தோட்டத்தில் வாழ்ந்தவங்களா? செடியின் பெயரோடு தோட்டத்தின் பெயரையும், எந்த டிவிஷன் என்பதையும் கேட்டு எழுதி வைங்க. பழைய குறிப்பில் தோட்டப் பெயர் மட்டும் இருந்தால், அது இன்று எந்தத் தாமான் என்று சொல்ல அவங்கதான் இருக்காங்க.