ஜாஹ் நின்ற இடம்: இப்னு மாஜிதும் துருவக் கணக்கும்

அஹ்மத் இப்னு மாஜித் என்றதும், "வாஸ்கோடகாமாவுக்கு வழிகாட்டினவர்தானே?" என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. மேடைகளிலும் இதையே சொல்றாங்க. ஆனால் 1498இல் மாலிந்தியில் கப்பலேறிய வழிகாட்டியைப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் பரோஸ், குஜராத்தைச் சேர்ந்த முஸ்லிம் என்றே எழுதுகிறார். ஜுல்பாரில் பிறந்த இப்னு மாஜிதுக்கு அந்த விவரம் பொருந்தாது. அவருடைய பெருமையை வேறிடத்தில்தான் தேட வேண்டும். அதைப் புரிந்துகொள்ள, இன்றைய தொலைநோக்கி ஒன்றின் அருகே சற்று நின்று பார்ப்போம்.

பூமி சுழல்வதால் விண்மீன்கள் மணிக்கு 15 பாகை நகர்வதாகத் தோன்றும். அவற்றைப் பின்தொடர, தொலைநோக்கித் தாங்கியின் ஓர் அச்சைப் பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக வைத்து மெதுவாகச் சுழற்ற வேண்டும். ஃபிரவுன்ஹோபர் செய்து 1824இல் டோர்பாட் வானாய்வகத்துக்குப் போன தொலைநோக்கி இப்படிக் கடிகாரப் பொறியால் சுழன்றது. அந்த அச்சு வான் துருவத்தை நோக்க வேண்டும். 'துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வைத்தால் சரி' என்று நினைப்போம். சரியில்லை. அந்த நட்சத்திரம் இன்றும் துருவத்திலிருந்து ஒரு முழுநிலாவின் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக விலகியே இருக்கிறது.

15ஆம் நூற்றாண்டில் அந்த விலகல் ஏறத்தாழ மூன்றரைப் பாகை. பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டமிடுவதே இந்த மாற்றத்துக்குக் காரணம். அல்பத்தானி இந்த நகர்வை 66 ஆண்டுக்கு ஒரு பாகை எனக் கணித்தார். இன்றைய கணக்கு ஏறத்தாழ 72 ஆண்டு.

மாலுமிகள் துருவ நட்சத்திரத்தை 'ஜாஹ்' என்றார்கள். அதன் உயரத்தை மரப்பலகையாலும் முடிச்சிட்ட நூலாலும் 'இஸ்பஃ', அதாவது விரல் கணக்கில் அளந்தார்கள். ஒரு விரல் ஒன்றரைப் பாகைக்குச் சற்றுக் கூட. ஜாஹ்வையே துருவமென்று நம்பினால் மூன்றரைப் பாகை வரை பிழைக்கும். கடலில் அது ஏறத்தாழ 390 கிலோமீற்றர். இலங்கையின் நீளமே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்!

ஆகவே ஜாஹ் தன் சிறு வட்டத்தில் ஆகத் தாழ்ந்து நிற்கும் உயரத்தையே அவர்கள் அளவுகோலாக்கினார்கள். மற்ற வேளையில் அளந்தால், எந்தச் சந்திர மன்ஸில் உச்சத்தில் இருக்கிறதென்று பார்த்து, அதற்குரிய விரல்களைக் கழித்தார்கள். இத்திருத்தத்தின் பெயர் 'பாஷி'. அது நான்கு விரல் வரை போகும். ஹிஜ்ரி 895இல் எழுதிய 'கிதாபுல் பவாயித்'தில் இப்னு மாஜித் இக்கலையை விளக்கினார்.

எங்கட தீவின் பக்கம் வரும்போது இன்னொரு சிக்கல். தெவிநுவர முனையில் துருவமே தொடுவானுக்கு மேல் ஆறு பாகைதான். அக்காலத்து ஜாஹ் அங்கே இரண்டரைப் பாகை வரை தாழும். கடல் மூட்டத்தில் மறைந்துபோகும். இப்படித் தெற்கே போகப்போக, அதே கூட்டத்து 'பர்கதான்' என்னும் இரட்டை மீன்களை அளந்தார்கள்.

இன்று கொழும்பில் தொலைநோக்கி வைப்பவருக்கும் இதே பாடுதான். அச்சை ஏழு பாகைக்குக் கொஞ்சம் குறைவாக உயர்த்த வேண்டும். துருவ மீன் தெரிந்தால், அச்சுக்குள் உள்ள சிறு குழலின் வட்டத்தில், அந்த நாளுக்கும் நேரத்துக்கும் உரிய இடத்தில் அதை நிறுத்துவார். பர்கதானில் ஒன்றான கொகாப் இருக்கும் பக்கமே துருவம் இருக்கும் பக்கம். தென்னையும் மாடிவீடும் மறைத்தால் வேறு வழி: தெற்கே உச்சக்கோட்டருகில் ஒரு விண்மீனைப் பிடித்துக் கவனிப்பார். அது வடக்கே விலகினால் அச்சு மேற்கே பிசகியிருக்கிறது. தெற்கே விலகினால் கிழக்கே. பிறகு கிழக்குவானில் ஒன்றைப் பார்ப்பார். அது வடக்கே போனால் அச்சு கூடுதலாக உயர்ந்திருக்கிறது. தெற்கே போனால் தாழ்ந்திருக்கிறது. விலகல் நிற்கும் வரை கொஞ்சங் கொஞ்சமாகத் திருத்துவார்.

கண்ணுக்குத் தெரிகிற மீனைவிட, கண்ணுக்குத் தெரியாத புள்ளியே முக்கியமென்று அறிந்து கணக்குப் போட்டவர் இப்னு மாஜித். பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது இதைத்தான். காமாவின் கப்பல் அவருக்குத் தேவையில்லை.