தட்டினால் தீருமா பதட்டம்? ஒரு சின்ன வரலாறு

புருவத்துல, கண்ணுக்குக் கீழ, தாடையில விரலால தட்டிக்கிட்டே, "பதட்டம் இருந்தாலும் என்னை நான் ஏத்துக்கறேன்"னு சொல்ற வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. "டாக்டர், இது பல ஆயிரம் வருஷத்து சீன வைத்தியமாமே?"ன்னு கேக்கறாங்க.

இல்லைங்க. அக்குபங்சர் பழசுதான். ஆனா இந்தத் தட்டும் முறைக்கு வயசு ஐம்பதுகூட ஆகல. பிறந்த ஊர் அமெரிக்காவின் கலிஃபோர்னியா.

1980 வாக்கில் ரோஜர் காலஹன் என்ற உளவியலாளரிடம் ஒரு பெண் சிகிச்சையில் இருந்தார். அவர் எழுத்துகளில் அந்தப் பெண்ணுக்கு வைத்த பெயர் மேரி. தண்ணீர் என்றாலே நடுக்கம். மாசக்கணக்கில் சிகிச்சை கொடுத்தும் பெரிய முன்னேற்றம் இல்லை. ஒருநாள் "பயம் வயித்துல பிசையுது"ன்னு சொன்னாராம். அக்குபங்சர் படி வயிற்றுக்கான பாதை கண்ணுக்குக் கீழே ஆரம்பிக்குது. சரி, தட்டிப் பார்ப்போமேன்னு அங்கே தட்டச் சொன்னார். கொஞ்ச நேரத்துல பயம் போயிடுச்சுன்னு மேரி எழுந்து நீச்சல் குளத்தை நோக்கிப் போனாராம். இது முழுக்க காலஹன் சொன்ன கதை என்பதை ஞாபகம் வச்சுக்கோங்க.

இதிலிருந்து ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒரு தட்டும் வரிசைன்னு பெரிய முறையே உருவாக்கினார். எந்த வரிசைன்னு கண்டுபிடிக்க, கையை நீட்டச் சொல்லி அழுத்திப் பார்க்கும் தசைப் பரிசோதனை. அது 1964-ல் ஜார்ஜ் குட்ஹார்ட் என்ற கைரோபிராக்டர் தொடங்கியது. அப்புறம் போன்ல குரலைக் கேட்டே வரிசையைச் சொல்லும் முறையும் வந்தது. அதைக் கத்துக்க கட்டணம் ஒரு லட்சம் டாலர்! (படிச்சிட்டு பெருமூச்சு விடுறது நான் மட்டும் இல்லைல்ல?)

அந்தப் பணத்தைக் கட்டிப் படிச்சவர்களில் ஒருத்தர் கேரி க்ரெய்க். ஸ்டான்ஃபோர்டில் படித்த எஞ்சினியர். எதுக்கு தனித்தனி வரிசை, எல்லாப் புள்ளியையும் எல்லாருக்கும் தட்டிட்டா போச்சு என்றார். 1990-களில் இ.எஃப்.டி. பிறந்தது. கையேட்டை இலவசமாகவே கொடுத்தார், உலகம் முழுக்கப் பரவியது.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. எல்லாப் புள்ளியையும் தட்டினாலும் அதே பலன்னா, அந்த ஒரு லட்சம் டாலர் வரிசைக்கு என்ன அர்த்தம்?

அடுத்த கேள்வியை 2003-ல் கனடாவின் வெய்ட், ஹோல்டர் இருவரும் கேட்டாங்க: புள்ளியாவது முக்கியமா? உயரத்துக்குப் பயப்படும் மாணவர்களை நாலு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழு சரியான புள்ளியில் தட்டியது. இன்னொன்று கையில் சம்பந்தமில்லாத இடத்தில். மூணாவது குழு தன்னைத் தட்டவே இல்லை, ஒரு பொம்மையைத் தட்டியது! நாலாவது குழுவுக்குத் தட்டலே கிடையாது. முதல் மூணு குழுவுக்கும் பயம் குறைஞ்சது. நாலாவதுக்குக் குறையல.

அப்போ வேலை செய்தது எது? 1950-களிலேயே தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப் காட்டியதுதான்னு நினைக்கறேன்: உடம்பைத் தளர்வா வச்சுக்கிட்டு பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமா எதிர்கொள்வது. தட்டும்போதும் அந்தப் பயத்தைத்தானே மனசுல வச்சுக்கறோம்? தட்டும் முன்னும் பின்னும் பயத்துக்கு மார்க் போடச் சொல்றாங்களே, அந்த யோசனையும் வோல்புடையதுதான்.

பின்னாடி வந்த சில ஆய்வுகளில் தட்டினவங்களுக்குப் பதட்டம் குறைஞ்சிருக்கு, உண்மைதான். ஆனா பலதில் ஒப்பிட்டது சும்மா காத்திருந்தவங்களோட. பொம்மைக் கேள்விக்கு அது பதில் ஆகாது.

பரீட்சைக்கு முன்னாடி, மேடை ஏறும் முன்னாடி தட்டிக்கணுமா? தாராளமா. காசும் இல்லை, கெடுதலும் இல்லை. ஆனா தட்டறதை நம்பி மனச்சோர்வு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தாதீங்க, நிறுத்தணும்னா டாக்டரோட பேசிப் படிப்படியா. பழைய கொடுமையான நினைவுகளை வீடியோ பார்த்துத் தனியா கிளறவும் வேண்டாம். உயிர் வேண்டாம்னு தோணுச்சுன்னா உடனே 14416-க்கு அழைங்க. டெலி மானஸ், இலவசம், ராத்திரியிலும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.