கம்பியால் தைத்த படகு

1963இல் இங்கிலாந்தின் 'டெய்லி மிரர்' பத்திரிகை ஒரு படகை விற்கத் தொடங்கியது. படகு எண்டு பேர். வீட்டுக்கு வந்தது வெட்டிவைத்த பிளைவூட் துண்டுகள்தான். விலை 63 பவுண், 11 ஷில்லிங். அதுவரை பாய்ப்படகு பெரும்பாலும் காசுக்காரரின் விளையாட்டு.

ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் உருவாக்கிய 'மிரர்' படகுக்குத் தச்சுவேலை தெரியத் தேவையில்லை. பலகை விளிம்புகளில் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து, பொருத்துகளில் கண்ணாடியிழை நாடாவைப் பிசினால் ஒட்டினால் சரி. குளிர்காலம் முழுக்க கராஜுக்குள் தைத்தவர்கள் கோடையில் சிவப்புப் பாயோடு தண்ணியில் இறக்கினார்கள். இப்படி எழுபதாயிரத்துக்கு மேல்!

எங்களுக்கோ ஒரு குறுகுறுப்பு. எங்கட தீவின் 'ஒருவ' வள்ளத்தில் பலகையைத் தும்புக் கயிற்றால் தைக்கிறது எவ்வளவு பழைய வேலை. தைத்தவரை நாங்கள் மீனவர் எண்டுதான் எழுதினோம். வடிவமைப்பாளர் எண்டு எழுதவேயில்லை.