மாவாஸ்: ஜொகூர்க் காட்டின் உரோம மனிதன்

மாவாஸ் என்பது மலேசியாவின் ஜொகூர் மாநிலக் காடுகளில் திரிவதாகச் சொல்லப்படும் உருவம். உடம்பெல்லாம் உரோமம், இரண்டு காலில் நடை, ஆளைவிடப் பெரிய வளர்த்தி. எண்டாவ் ஆற்றோரம் வாழும் ஜக்கூன் பூர்வகுடியினரிடையே ‘ஹந்து ஜாராங் கீகி’ என்ற பெயரும் வழங்குகிறது. இடைவெளிவிட்ட பல்லுள்ள பேய் என்று அதற்குப் பொருள். ‘மாவாஸ்’ மலாயில் ஓராங் ஊத்தானுக்கு இன்னொரு பெயர். ஆனால் காட்டு ஓராங் ஊத்தான் இன்று வாழ்வது சுமத்ராவிலும் போர்னியோவிலும்தான், தீபகற்ப மலேசியாவில் ஒன்றுகூடக் கிடையாது.

இந்தப் பெயர்க் குழப்பத்தின் ஒரு நுனி கிரேக்கத்தில் இருக்கிறது. மதுவின் தெய்வமான தியோனிசசின் கூட்டத்தில் ஆடித்திரியும் சாட்டிர், பாதி மனிதன், பாதி விலங்கு. முதலில் குதிரை வாலும் காதும், பிற்காலத்தில் ஆட்டுக்காலும் கொம்பும் பெற்றது.  கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமானியர் பிளினி, இந்தியாவின் கிழக்கு மலைகளில் சாட்டிர்கள் இருப்பதாக எழுதிவைத்தார். நான்கு காலிலும் ஓடுமாம், நிமிர்ந்தும் ஓடுமாம். கிழடும் நோயாளியும்தான் கையில் சிக்குமாம். அவர் காதுக்கு எட்டியது ஏதோ குரங்கினச் செய்தி என்றே கொள்ளலாம்.

1641இல் டச்சு மருத்துவர் நிக்கோலாஸ் துல்ப், அங்கோலாவிலிருந்து வந்த ஒரு குரங்கை ‘இந்தியச் சாட்டிர்’ என்று விவரித்து, ஓராங் ஊத்தான் என்ற மலாய்ப் பெயரையும் அதற்குச் சூட்டினார். அது சிம்பன்சி அல்லது போனபோ என்பது இன்றைய கணிப்பு. பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தாவில்) இருந்த டச்சு மருத்துவர் யாக்கோபஸ் போந்தியசின் நூல் அவர் இறந்தபின் 1658இல் வெளிவந்தது. அதில் ஓராங் ஊத்தான் என்று காட்டப்பட்டது உடலெங்கும் மயிர் படர்ந்த ஒரு பெண். உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் காலத்தில் ‘சிமியா சாட்டிரஸ்’ மனிதக் குரங்கின் அறிவியல் பெயராகவே ஆனது. 1929இல்தான் விலங்குப் பெயரீட்டு ஆணையம் அதை நீக்கியது.

மலாயாத் தோட்டத் தமிழருக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1953ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், பேராக்கின் துரோலாக்கில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த சீனப் பெண்ணின் தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால் மயிரடர்ந்த ஒரு பெண் உருவம், ஆற்றோரத்தில் இன்னும் இரண்டு. அடுத்து அதே வட்டாரத்தில் ஓர் இந்தியத் தொழிலாளியை உரோமம் நிறைந்த கைகள் பின்னாலிருந்து கட்டிப்பிடித்ததாகவும், உதறி ஓடியவர் மயங்கி விழுந்ததாகவும் அன்றைய செய்திகள் கூறின. கம்யூனிசக் கிளர்ச்சிக்கு எதிரான மலாயா அவசரகாலத்தின் நடுப்பகுதி அது. காட்டில் துப்பாக்கி ஏந்தியவர்கள் இருந்தார்கள், விடியுமுன்னே வெட்டுக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு சலசலப்புக்கும் அஞ்ச வேண்டியிருந்தது. அவர்கள் கண்டது எதுவாயினும், பட்ட அச்சம் உண்மையானது. அதைக் கேலி செய்ய இன்று யாருக்கும் உரிமையில்லை.

மாவாஸ் உலகச் செய்தியானது 2005 இறுதியில். கோத்தா திங்கிப் பக்கம் மீன்குளம் அமைக்கும் வேலையிலிருந்த மூவர், இரண்டு பெரிய உருவங்களையும் ஒரு குட்டியையும் கண்டதாகச் சொன்னார்கள். 45 செ.மீ. நீளக் காலடித் தடம் கிடைத்ததாகவும் செய்தி வந்தது. அப்போதைய மந்திரி பெசார் அப்துல் கனி ஒத்மானின் மாநில அரசு 2006 தொடக்கத்தில் தேடுதலுக்கு ஒப்புதல் தந்தது. உடலோ எலும்போ கிடைக்கவில்லை. ஆதாரமென்று காட்டப்பட்ட படங்கள், ஆதிமனிதரைப் பற்றிய பிரெஞ்சுப் படைப்பிலிருந்து எடுக்கப்பட்டவை என்று தெரிந்ததும் பேச்சு அடங்கியது.

தடத்துக்குப் பொருந்தும் விளக்கம் சூரியக் கரடி. மலாய்க்காரர் அதைத் தேன்கரடி என்பார்கள். கரடிகளில் சிறியதுதான், ஆனால் பின்னங்காலில் எழுந்து நின்று சுற்றிலும் பார்க்கும் வழக்கம் உண்டு. சேற்றில் நடக்கையில் முன்பாதம் பதிந்த குழியின் மேலேயே பின்பாதம் சற்றுத் தள்ளிப் பதிந்தால் இரண்டும் ஒட்டி, நீண்ட மனிதப் பாதம்போல ஆகிவிடும். மழை பெய்தால் விளிம்பு கரைந்து இன்னும் அகலும்.

ஆனாலும் மாவாஸ் என்ற பெயரை வெறுங்கற்பனை என்று ஒதுக்க முடியாது. தீபகற்பத்தின் இரு குகைகளிலிருந்து ஒன்பது ஓராங் ஊத்தான் புதைபடிவப் பற்கள் கிடைத்த செய்தி 2013இல் வெளியானது. ஓராங் ஊத்தான் இந்நிலத்துக்கு 5 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது என்பதும், பத்துமலையில் ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முன்புவரை வாழ்ந்தது என்பதும் அதிலிருந்து தெரிந்தன. தைப்பூசத்துக்கு நாம் காவடி எடுத்து ஏறும் அதே குன்றுதான். இப்பகுதிக் குகைகளில் முழு எலும்புக்கூடு அரிது. முள்ளம்பன்றிகள் எலும்பைக் கொறித்துத் தீர்த்துவிடும், பல்லின் கெட்டியான மேற்பூச்சு மட்டும் அவற்றுக்குத் தப்பி மண்ணில் தங்கும்.